குளோன்பாரன் தேவாலயத்தின் மேற்குக் கதவு

குளோன்பாரன்
11 ஜனவரி 1931

அன்புள்ள மிஸ் லவெல்,

முடித்துவிட்டேன். முந்தாநாள் மதியம், சூப் ஆறுகிறது என்று திருமதி கெரிகன் கீழேயிருந்து கத்திக்கொண்டிருந்தபோது கடைசிப் பக்கத்தின் கடைசிக் கோட்டை இழுத்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மனிதன் யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். எனக்கு அப்படி ஆளில்லை. அதனால் என் சமையற்கார அம்மாவிடமே சொன்னேன். "நல்லதுங்க ஐயா, இனிமேலாவது சாப்பாட்டைச் சூடா சாப்புடுவீங்க" என்றார்.

'மலையில் ஆறு குளிர்காலம்' என்ற உங்கள் கவிதை இப்போது முழுதாக இசையில் இருக்கிறது. பாட்ரிக் அயர்லாந்தின் புனிதர் ஆவதற்கு முன்னால், கடத்திக்கொண்டு வரப்பட்டு நம் மலையில் ஆடு மேய்த்த அடிமைப் பையனாகக் கிடந்த காலத்தின் கதை. பாட்ரிக் திருநாளன்று, மார்ச் பதினேழாம் தேதி மாலை, எங்கள் தேவாலயத்தில் பாடுகிறோம். டீன் ஹ்யூசன் சம்மதித்துவிட்டார். தேவாலயத்துக்கு அவர் தலைவர், நான் வெறும் ஆர்கன் வாசிப்பவன், ஆகவே பாதி நாள் கெஞ்ச வேண்டியிருந்தது. பாடகர் குழு ஐரிஷ் மொழியோடு மல்லுக்கட்டுகிறது. வங்கி மேலாளர் பென்ரோஸ் நேற்று தாளைக் கீழே வைத்துவிட்டு, "டிஸ்டால், இது பாட்டா, இல்ல தொண்டையில மீன் முள்ளு மாட்டிக்கிட்டா வர்ற சத்தமா?" என்று கேட்டார்.

என் சிம்பொனி பல வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊரில் ஒரே ஒரு தடவை வாசிக்கப்பட்டது. அங்கே பத்திரிகையில் 'ஐரிஷ் மூடுபனி' என்று எழுதினார்கள். டப்ளினில் என் பாடல்களைப் பாடியபோது 'ஆங்கில வாடை' என்று எழுதினார்கள். இரண்டு கரைக்கும் நடுவே கடலில்தான் எனக்கு இடம் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். பிறகு உங்கள் ஊரின் கோடைக்கால ஐரிஷ் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். உச்சரிப்புச் சரியில்லை என்று என்னை எழுப்பி நிற்க வைத்தீர்கள். நரைத்த தலையோடு நின்றேன். அன்றிலிருந்துதான் எனக்கு ஏதோ வர ஆரம்பித்தது.

நீங்கள் வர வேண்டும். உங்கள் கத்தோலிக்க ஜனங்கள் எங்கள் புராட்டஸ்டண்ட் கோயிலுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. என் அப்பாவின் அடக்கத்தன்று அவருடைய உயிர் நண்பர் டாக்டர் ஹெஸ்லின் மழையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியேதான் நின்றார். பெட்டி வெளியே வந்த பிறகுதான் கிட்டே வந்து தொட்டார். ஆனால் இது அடக்கம் அல்லவே. எழுதியவர் கேட்காமல் இது எப்படி முடிந்ததாகும்? ஏதாவது வழி இருக்கும். யோசிக்கிறேன்.

உண்மையுள்ள,
எவரார்ட் டிஸ்டால்


ட்ராரோன்
19 ஜனவரி 1931

அன்புள்ள திரு. டிஸ்டால்,

கடைசிக் கோட்டுக்கு வாழ்த்துகள். ஆறிய சூப்புக்கு அனுதாபங்கள்.

உங்கள் கடிதத்தைத் தபால் ஆபீஸ் ஹனோரா கையில் வைத்து எடை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். "குளோன்பாரன்லேருந்து வந்திருக்கு டீச்சர். தடவைக்குத் தடவை தடிமனாகுது. அந்த மனுஷனுக்கு அங்க பேச ஆளில்ல போல" என்றாள். எனக்கு மட்டும் இருக்கிறதா என்று அவளிடம் கேட்கவில்லை.

மூன்றாம் பாட்டில் 'குளிர்' என்ற சொல்லை மாற்றித் தரச் சொல்லி இலையுதிர் காலத்திலிருந்து கேட்கிறீர்கள். தர மாட்டேன். உங்கள் ராகத்துக்கு நீளமான எழுத்து வேண்டுமென்றால் குளிரையே நீட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பையனுக்கு அது நீளமாகத்தான் இருந்திருக்கும்.

அந்தப் பாட்டை நான் எப்படி எழுதினேன் என்று நீங்கள் ஒரு தடவை கேட்டதற்கு மழுப்பினேன். இப்போது சொல்கிறேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு இருப்பேன். வீட்டுக்குப் போக அவசரம் கிடையாது, வீட்டில் யாரும் இல்லை. ஊர் முழுக்க என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. சபீனா என்று கூப்பிட எங்கள் பங்குச் சாமியார் ஃபாதர் மல்க்ரோன் ஒருவர்தான் மிச்சம். அக்கா டீலியா கிளீவ்லாண்டிலிருந்து, "அமெரிக்காவுக்கு வந்துடு, அங்க தனியா என்னத்தக் கட்டிக் காக்குற?" என்று கிறிஸ்துமஸ் தவறாமல் எழுதுகிறாள். ஒரு நாள் பலகையைத் துடைக்கும்போது அந்த அடிமைப் பையன் வாயில் ஒரு வரி வந்தது: 'மலையே, ஒரு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு.' மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்ததுதான்.

நான் வருகிறேன். எப்படி என்பதை என்னிடம் விட்டுவிடுங்கள். அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. எனக்கு பூட்ஸ் வாங்க வேண்டும், குளோன்பாரன் பூட்ஸ்தான் உழைக்கும் என்று இப்போதே ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். உங்கள் கோயிலின் மேற்குக் கதவுக்கு வெளியே கல் வளைவு இருக்கிறதே, அடக்கத்துக்கு எங்கள் ஆட்கள் ஒதுங்கி நிற்கிற இடம், அங்கே நிற்பேன். நீங்கள் கதவை மட்டும் திறந்து வையுங்கள். வாசற்படிக்கு அந்தப் பக்கம் உங்கள் இசை, இந்தப் பக்கம் என் காது. நான் எந்தப் படியையும் தாண்டவில்லை.

உங்கள் சிநேகிதி,
சபீனா லவெல்


குளோன்பாரன்
3 பிப்ரவரி 1931

அன்புள்ள மிஸ் லவெல்,

நல்ல சேதி சொல்லப்போகிறேன்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நீங்கள் பூட்ஸ் வாங்க வந்தவர் மாதிரி மழையில் ஒளிந்து நிற்பதும், உங்கள் சொற்களை வங்கி மேலாளரின் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பதும் எந்த ஊர் நியாயம்? ஆகவே ஒளிவுமறைவில்லாத வழியைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு கண்ணியவான் இன்னொரு கண்ணியவானுக்கு எழுதுவது போல உங்கள் ஃபாதர் மல்க்ரோனுக்கு எழுதியிருக்கிறேன். இந்த ஒரு மாலைக்கு மட்டும் நீங்கள் உள்ளே வந்து உட்கார அனுமதி தரும்படி, மிகுந்த மரியாதையோடு. கவிதையையும் பிரதி எடுத்து அனுப்பினேன். ஒரு புனிதரைப் பற்றிய கவிதையில் எந்தப் பாதிரியார் குறை காண முடியும்? முறை தவறக் கூடாது என்பதால் உங்கள் பிஷப்புக்கும் ஒரு நகல் போயிருக்கிறது.

முதல் வரிசையில் தூண் ஓரத்தில் உங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கச் சொல்லிவிட்டேன். அங்கேதான் ஒலி சுத்தமாகக் கேட்கும். ஆர்கன் முன்னால் உட்கார்ந்தால் எனக்குப் பின்னால் நடப்பது ஒரு சின்னக் கண்ணாடியில்தான் தெரியும். அந்த இடமும் அதில் தெரியும்.

பாடகர் குழு தேறிவருகிறது. பென்ரோஸ் இப்போது மீன் முள்ளை ரசிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

மகிழ்ச்சியோடு,
எவரார்ட் டிஸ்டால்


ட்ராரோன்
9 பிப்ரவரி 1931

திரு. டிஸ்டால்,

என்ன காரியம் செய்தீர்கள்?

ஃபாதர் மல்க்ரோன் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பினார். மழை பெய்துகொண்டிருந்தது, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. உங்கள் கடிதத்தை என் மேஜை மேல் வைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் படிக்க வேண்டும்.

"சபீனா, உன் கடிதமெல்லாம் எங்க போகுது, எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? ஹனோரா இருக்குற ஊர்ல எனக்குப் பேப்பரே வேண்டாம்மா. பூட்ஸ் வாங்கப் போறேன்னு சொன்னே. சரி, வாங்கட்டும்னு நானும் சும்மா இருந்தேன். ஒரு பொம்பள பூட்ஸ் வாங்கப் போறதும், மழைக்கு எங்கயோ ஒதுங்கி நிக்கிறதும் பாவம்னு எந்த ஞானோபதேசத்துலயும் இல்ல. இந்த மனுஷன் என்கிட்ட எழுதிக் கேட்டுட்டாரே! கேட்டாச்சுன்னா நான் பதில் சொல்லியாகணும். என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு பதில்தான்."

பிஷப்புக்குத் தெரியாமல் முடித்துவிடலாமா என்று கேட்டேன். நெற்றியைத் தடவிக்கொண்டார். "அவருக்கும் ஒரு நகல் போட்டிருக்கார். மரியாதைக்காகவாம். நல்ல மனுஷன். இப்படி ஒரு நல்ல மனுஷனை எங்கேருந்தும்மா புடிச்சே?"

உங்கள் ஆட்களுக்கு இது எப்போதுமே புரியாது. எங்கள் ஊரில் பாதி வாழ்க்கை யாரும் கேட்காததால்தான் நடக்கிறது. என் தோழியின் தங்கை அண்ணன் ஒருவனோடு டப்ளினில் இருக்கிறாள் என்கிறோம். அவளுக்கு அண்ணனே கிடையாது. ஒருவரும் கேட்பதில்லை, அவள் அம்மா தலைநிமிர்ந்து பூசைக்கு வருகிறாள். பார்க்காத மாதிரி இருப்பது எங்களுக்குள் ஒரு தயவு. நீங்கள் அந்தத் தயவைப் பிடித்து உலுக்கி, தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு பிரதி எடுத்து அனுப்பிவிட்டீர்கள்.

இனி நடக்க வேண்டியது இது. நிகழ்ச்சித் தாளிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். மார்ச் பதினேழு அன்று நான் குளோன்பாரனில் இருக்க மாட்டேன் என்று ஃபாதரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் அவர் கையில் இருக்கிறது, அவர் பிஷப் கையில் இருக்கிறார். எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

எனக்கு எழுத வேண்டாம்.

சபீனா லவெல்


குளோன்பாரன்
15 பிப்ரவரி 1931

அன்புள்ள மிஸ் லவெல்,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஒரே ஒரு தடவை மீறுகிறேன்.

எங்கள் வீட்டில் கதவைத் தட்டி, கேட்டு, பிறகுதான் உள்ளே போக வேண்டும் என்று வளர்த்தார்கள். தட்டுவதே அடுத்த வீட்டில் கல்லெறிவது மாதிரி ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இதே ஊரில் பிறந்து ஐம்பத்து நான்கு வயதாகிவிட்டது. என் சாப்பாட்டைச் சமைப்பவர் உங்கள் ஆள், என் அப்பாவின் நண்பர் உங்கள் ஆள், எனக்குச் சொற்களைத் தந்தது நீங்கள். இருந்தும் உங்கள் யாரையும் நான் அறிந்ததில்லை என்று இப்போது தெரிகிறது. இதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒருவேளை கொஞ்சம் கோபமும் இருக்கலாம்.

உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். அச்சுக்காரர், "அப்ப பாட்டு யாரு எழுதினதுன்னு போடுறது?" என்று கேட்டார். ஒன்றும் போட வேண்டாம் என்றேன். தாளில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. நான் அதைப் பார்க்காமல் மடித்து வைத்திருக்கிறேன்.

டீனுக்கு மார்ச் காற்று ஆகாது. நெஞ்சுச் சளி. மேற்குக் கதவு திறந்திருந்தால் விளக்குகளும் அணையும் என்கிறார். நீங்கள் வருவதானால் ஒரு வரி எழுதுங்கள், அவரோடு சண்டை போட்டாவது திறந்து வைப்பேன். வராவிட்டால் மூடச் சொல்லிவிடுகிறேன்.

எவரார்ட் டிஸ்டால்


ட்ராரோன்
8 மார்ச் 1931

திரு. டிஸ்டால்,

வரவில்லை. கதவை மூடிக்கொள்ளுங்கள். டீனுக்குச் சளி பிடிக்க வேண்டாம்.

ச. லவெல்


குளோன்பாரன்
18 மார்ச் 1931

அன்புள்ள மிஸ் லவெல்,

நேற்று பாடினோம். நீங்கள் இதைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி, யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

நன்றாக நடந்தது. இத்தனை வருஷத்தில் நான் எழுதியதில், மனதில் கேட்டது போலவே வெளியே வந்தது இது ஒன்றுதான். இரண்டாம் பகுதியில், ஆடுகள் படுத்த பிறகு பையன் மட்டும் விழித்திருக்கிற இடத்தில், பெண்கள் பாட வேண்டிய ஒரு சுரத்தைக்கூட ஒருவரும் தவறவிடவில்லை. நான்தான் ஓரிடத்தில் தவறினேன். ஆர்கன் கண்ணாடியில் மேற்குக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடிய கதவு. அதில் பார்க்க என்ன இருக்கிறது?

முடிந்ததும் எல்லோரும் வந்து கை குலுக்கினார்கள். "ரொம்ப அழகா இருந்துச்சு மிஸ்டர் டிஸ்டால், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அது எதைப் பத்தின பாட்டு?" என்று திருமதி பென்ரோஸ் கேட்டார். "ஆட்டைப் பத்தி" என்றேன். அதற்கு மேல் சொல்ல மனம் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே இருந்த ஒருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. பாடியவர்களுக்கும் புரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்த சத்தத்தை அவர்கள் கிளிப்பிள்ளை போலப் பாடினார்கள். தேவாலயம் நிறைந்திருந்தது. அதில் அந்தப் பையன் என்ன சொல்கிறான் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கும் நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தேன். பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லை, திருமதி கெரிகன் வாயே திறக்கவில்லை. உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்த வேகத்தில் ஒன்று உருண்டு தரைக்குப் போனது. என்ன கோபம் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லிங்க ஐயா. வாசல்ல நிக்கிறவங்களுக்கு என்ன கோபம்?" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார். எனக்கு விளங்கவில்லை.

எவரார்ட் டிஸ்டால்


ட்ராரோன்
29 மார்ச் 1931

அன்புள்ள திரு. டிஸ்டால்,

திருமதி கெரிகனின் கோபம் என்னவென்று நான் சொல்கிறேன். நீங்கள் அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினீர்கள். எங்கள் முகத்துக்கு நேரே. நானும் அங்கேதான் நின்றேன்.

வாக்குக் கொடுத்தது உண்மை. வர மாட்டேன் என்று எழுதியபோது உண்மையாகத்தான் எழுதினேன். திருநாள் காலையில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நினைவிருப்பது ரயில் ஜன்னல்தான்.

வளைவுக்கு அடியில் ஒரு கூட்டமே இருந்தது. உங்கள் பழைய கடிதங்களில் இருந்த அடையாளத்தை வைத்துத் திருமதி கெரிகனைக் கண்டுபிடித்துவிட்டேன். அவர் தன் தங்கையையும் பக்கத்துத் தெரு பெண்களையும் அழைத்து வந்திருந்தார். "எங்க ஐயாவோட பாட்டும்மா. நம்ம பாஷையில போட்டிருக்காராம். மாடியில தட்டிக்கிட்டே இருப்பார், நான் பாத்திரம் கழுவிக்கிட்டே கேப்பேன்" என்று பெருமையாகச் சொன்னார். மலைப்பக்கத்திலிருந்து அடுப்பெரிக்கும் கரிமண் விற்க வந்த ஒரு பெரியவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, "உள்ள யாரு செத்தது?" என்று கேட்டார். வேறு எதற்காக எங்கள் ஆட்கள் அங்கே நிற்பார்கள்?

அப்புறம் உள்ளேயிருந்து யாரோ கதவை இழுத்துச் சாத்தினார்கள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. திருமதி கெரிகன் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பாட்டு ஆரம்பித்தது. நான் கதவில் காதை வைத்தேன். வெட்கத்தைப் பார்க்கவில்லை. மரத்துக்குப் பின்னால் ஏதோ பெரிதாக அசைகிறது, அவ்வளவுதான். உங்கள் ஆர்கனின் கீழ்ச் சுரங்கள் வாசற்கல் வழியாகக் காலுக்கு வந்தன. சொற்கள் வரவில்லை. நானே எழுதிய சொற்களில் ஒன்றைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. "நம்ம பாஷைன்னீங்க, ஒண்ணும் வெளங்கலியே" என்றார் கரிமண்காரர். திருமதி கெரிகன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார்.

அதனால் நான் சொன்னேன். கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிற குரலில். உள்ளே இசை எங்கே போகிறது என்று காலால் பார்த்துக்கொண்டு, அதற்குத் தக்கபடி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். மழை வந்தது, ஒருவரும் போகவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்ற இடத்தில் கரிமண்காரர் தொப்பியைக் கழற்றினார். முடிந்த பிறகு என் பக்கத்தில் வந்து, "அந்தப் பய வீடு போய்ச் சேந்தானாம்மா?" என்று கேட்டார். போய்ச் சேர்ந்தான், ஆனால் பிறகு தானாகவே இங்கே திரும்பி வந்தான் என்றேன். "கிறுக்குப் பய" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

உள்ளே இசை இருந்தது, அர்த்தம் இல்லை. வெளியே அர்த்தம் இருந்தது, இசை இல்லை. நடுவில் ஒரு கதவு.

அந்தக் கூட்டத்தில் குளோன்பாரன் பத்திரிகைக்காரர் ஒருவர் இருந்தது எனக்குத் தெரியாது. நீங்கள் தாளிலிருந்து எடுத்த பெயரை அவர் எப்படியோ விசாரித்துக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார். ஃபாதர் மல்க்ரோன் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். "சபீனா, நான் என்னம்மா செய்வேன்? இந்தத் தடவை அந்த மனுஷன்கூட எதுவும் எழுதல. பேப்பர்காரன் எழுதிட்டான்" என்றார். பிஷப் மாளிகையிலிருந்து ஏற்கெனவே கடிதம் வந்துவிட்டதாம். ஈஸ்டருக்குப் பிறகு புது டீச்சர் வருகிறாள். ஃபாதர் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

டீலியாவுக்கு எழுதிவிட்டேன். மே மாதம் கப்பல். நாற்பத்தேழு வயதில் கிளீவ்லாண்டில் யாருடைய பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தரப் போகிறேன் என்று தெரியவில்லை.

உங்கள் மேல் கோபம் தீர்ந்துவிட்டது. ஒரே ஒரு குறைதான். நான் இன்னும் கேட்கவில்லை. ஒரு சத்தம் கேட்டது. என் பாட்டை நான் கேட்கவில்லை.

சபீனா லவெல்


குளோன்பாரன்
27 ஏப்ரல் 1931

அன்புள்ள மிஸ் லவெல்,

சனிக்கிழமை நீங்கள் தந்த தேநீருக்கும் சோடா ரொட்டிக்கும் நன்றி. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றேன். யாரிடமும் முன்கூட்டிக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

எனக்குக் குரல் கிடையாது என்பதை இப்போது ட்ராரோன் முழுக்கத் தெரிந்துகொண்டிருக்கும். உங்கள் சமையலறை மேஜையைத் தட்டிக்கொண்டு, ஆண் குரலும் பெண் குரலும் ஆர்கனும் எல்லாம் நானே பாடினேன். பாதிக் கதவுக்கு மேலே ஹனோராவின் தலை முளைத்து, "ஐயோ டீச்சர், இவருக்கு ஒடம்புக்கு என்ன? டாக்டரைக் கூட்டிட்டு வரவா?" என்று கேட்டபோது நான் மூன்றாம் பாட்டின் உச்சியில் இருந்தேன், நிறுத்த முடியவில்லை. நீங்கள் சிரிக்கவில்லை. முதலிலிருந்து முடிவு வரை கையைக் கட்டிக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடி நின்றீர்கள். முடிந்த பிறகும் வெகுநேரம் திரும்பவில்லை. எந்தத் தேவாலயத்திலும் எனக்கு அப்படிக் கேட்டவர் கிடையாது.

டீனிடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருக்கிறேன். வீர சாகசம் ஒன்றும் இல்லை. அந்தக் கண்ணாடியைப் பார்த்து வாசிக்க முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டில் பியானோ இருக்கிறது. திருமதி கெரிகன் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார், பெரும்பாலும் திட்டுவதற்கு.

என்னை வழியனுப்ப வந்தபோது ரயில் மேடையில் உங்களிடம் ஒன்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அதுவே நல்லது. நான் வாயைத் திறந்து ஒன்று கேட்டதால் உங்கள் பள்ளிக்கூடம் போயிற்று. இன்னொரு தடவை கேட்டு, நிம்மதியாகப் போகிற உங்களை வழிமறிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? உங்கள் அக்கா இருக்கிறார், அங்கே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கடல் அமைதியாக இருக்கட்டும்.

என்றும் உங்கள்,
எவரார்ட் டிஸ்டால்


கோவ் துறைமுகம்
9 மே 1931

அன்புள்ள எவரார்ட்,

பயணிகள் விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து மேஜையில் கால்வேக்காரக் குடும்பம் ஒன்று அழுவதும் சாப்பிடுவதுமாக இருக்கிறது. கப்பலுக்குக் கொண்டுபோகிற படகு கரைக்கு வந்துவிட்டது. இதை விடுதிக்காரப் பெண்ணிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போகிறேன். அதனால் நீங்கள் எனக்கு இங்கே பதில் எழுத முடியாது.

உங்கள் குரல் கழுதைக் குரல். ஆனாலும் நான் கேட்டுவிட்டேன், முழுதாக. அது நல்ல பாட்டு. உங்களுக்கு வேறு யாரும் சொல்லாவிட்டால் என் வாயால் சொல்கிறேன், அது பெரிய பாட்டு. அடுப்பைப் பார்த்து நின்றது அழுகையை மறைக்கத்தான். ஹனோராவுக்குத் தெரிந்தால் போதும், ஊருக்குத் தெரிந்த மாதிரிதான்.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். நிம்மதியாகப் போகிறேன் என்று உங்களுக்கு யார் சொன்னது?

அன்று ரயில் மேடையில் வண்டி தாமதமாகத்தான் வந்தது. நாம் இருவர் மட்டும் நின்றோம். நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள், போட்டீர்கள், மறுபடி கழற்றினீர்கள். என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தீர்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நாளைக்கு மழை வரும் போல" என்றீர்கள்.

ஃபாதருக்கு என்ன பதில், பிஷப்புக்கு என்ன பதில், டீலியாவுக்கு என்ன பதில், உங்கள் டீனுக்கு என்ன பதில், எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஊரில் யாரும் என்னோடு பேசாமல் போனால் எப்படி இருக்கும் என்றுகூட யோசித்தேன். எப்படியும் பேசுவதற்கு அங்கே அதிகம் பேர் இல்லை. திருமதி கெரிகனின் சமையலறையில் எனக்கு எந்த நாற்காலி என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த வண்டி வருகிற வரைக்கும் என் மனதில் கப்பல் இல்லவே இல்லை.

யார் யாரிடமோ போய்க் கேட்டீர்கள். என்னிடம் கேட்கவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மணி அடிக்கிறார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் இருந்திருப்பேன், எவரார்ட்.

சபீனா